ராகுகாலத்தில் ஒரு திருத்தம்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. சிட்னியின் மேற்குப் பக்கத்தில் நாங்கள் போகும் கோயிலின் மண்டபம் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே நேரத்துக்கு, இரண்டு குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டது.
2. பழி கவுண்டரில் இருக்கும் அண்ணாவின் தலையில் விழுந்தது.
3. பிழை அவருடையது அல்ல. கோயிலின் பதிவு மென்பொருளில் இருந்தது. அதைப் பராமரிப்பது நான்.
4. பிழையை ஒரு பின்னேரத்தில் கண்டுபிடித்துத் திருத்தினேன்.
5. திருத்தம் கோயிலின் பாவனைக்குப் போகவில்லை, என் கணினியிலேயே நின்றது. நாள் சரியில்லை என்றார்கள்.
6. மென்பொருளை ஒழுங்காகச் செய்வது எப்படி என்று விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டு வரும்படி நிர்வாக சபை என்னை அனுப்பியது.
7. மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று வீட்டிலும் சாப்பிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பத்துக்குப் பெரியபிள்ளையான மகளின் சாமத்தியச் சடங்கு, மற்றக் குடும்பத்துக்கு அறுபதாம் கலியாணம். மண்டப வாசலில் சாமான் ஏற்றிய இரண்டு வான்கள் வந்து நின்றன. இரண்டில் இருந்தும் சிங்காசனம் மாதிரியான சிவப்புக் கதிரைகள் இறங்கின. சிட்னியில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம் என்பதால் விருந்தினரில் பாதிப் பேருக்கு இரண்டு அழைப்பிதழும் கிடைத்திருந்தன. இரண்டிலும் ஒரே மண்டபமும் ஒரே நேரமும் போட்டிருந்ததை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. அழைப்பிதழில் நாங்கள் பார்ப்பது யாருடைய பெயர் யாருடைய பெயருக்குக் கீழே வந்திருக்கிறது என்பதைத்தான். கடைசியில் மண்டபத்தை நடுவால் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் சாப்பிட முடிந்தவர்கள் மட்டும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள்.

கவுண்டர் அண்ணாவை இரண்டு குடும்பமும் முறை வைத்துப் பேசின. அவர் அகதியாகப் படகில் வந்தவர். தற்காலிக விசா. கோழி வெட்டும் தொழிற்சாலையில் நெடுங்காலம் குளிரில் நின்று வேலை செய்துவிட்டு, உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று கிடைத்ததே இந்தக் கவுண்டரில்தான். ஏசியவர்களுக்கு எல்லாம் அவர் “ஓம்” என்று தலையாட்டினார். எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, நான் அந்த நாளை ஒரு ஆளுக்குத்தான் அமத்தினனான்.”

“தெரியும் அண்ணா. ப்ரோக்ராம் பிழை.”

“அதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுவீங்களோ?”

சத்தமாகச் சொன்னேன். கவுண்டரில் ஒருவர் ஒரு நாளைத் தெரிவுசெய்து விவரங்களை எழுதி முடிக்கும்வரை அந்த நாள் மற்றவர்களுக்கும் வெறுமையாகவே தெரியும். அந்த இடைவெளியில் இன்னொருவர் வீட்டில் இருந்தபடி போனில் அதே நாளைப் பிடித்தால் மென்பொருள் இருவருக்கும் நன்றி சொல்லிவிடும் என்று நிர்வாக சபைக்கு விளக்கினேன். கோயில் தலைவர் அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“பிள்ளை, மனிசர் பிழை விடுவினம் எண்டுதானே மெஷினுக்கு மாறினது. இப்ப மெஷின் பிழை விட்டது எண்டா, மெஷினைப் பாத்துக்கொண்டிருந்த மனிசர் என்ன செய்தவர்?”

பிறகு கண்ணைத் திறந்து தீர்ப்பைச் சொன்னார். அடுத்த வருட மண்டபப் பதிவு வருகிற மாதம் ஒரு சனிக்கிழமை நண்பகலுக்குத் திறக்கும். அன்றைக்கும் இப்படி நடந்தால் கவுண்டருக்கு வேறு ஆளைப் போடுவார்கள். மண்டபப் பதிவு திறக்கும் நாளில் சிட்னி முழுவதும் ஒரே நிமிடத்தில் ஒரே ஞாயிறுகளை அமத்தும். திருத்தம் அதற்கு முதல் போகாவிட்டால் நிச்சயம் நடக்கும். அண்ணாவுக்கும் அது விளங்கியது. “திரும்பவும் கோழியோ?” என்று என்னைக் கேட்டார்.

திருத்தம் ஏன் போகவில்லை என்பதற்கு முந்திய சம்பவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கோயிலில் மென்பொருள் மாற்றமும் ஒரு புதுக்காரியம். ஆகவே நாள் பார்த்துத்தான் செய்வார்கள். அட்டமி, நவமி, செவ்வாய்க்கிழமை, கரிநாள், ராகுகாலம், தலைவர் அங்கிளின் சந்திராட்டமம் எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சும் நேரம் கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலையில், அர்ச்சனை வரிசை செருப்புத் தட்டுவரைக்கும் நீளும் நேரத்தில் வந்து விழும். அப்படி ஒரு வெள்ளி மாலை, சேர்த்து வைத்திருந்த மாற்றங்கள் அத்தனையையும் ஒன்றாக அனுப்பினோம். அவற்றில் ஒன்று நட்சத்திரப் பட்டியலில் முட்டிவிட்டது. அன்று மாலை சிட்னியில் அர்ச்சனை செய்த எல்லோரும் அசுவினி நட்சத்திரம். ஐயர் வாசித்துக்கொண்டே போனார். பன்னிரண்டாவது அசுவினியில்தான் தலையை நிமிர்த்தினார்.

இது பற்றி நிர்வாக சபை விசாரித்தது. ஒரே நேரத்தில் இத்தனை மாற்றங்களை அனுப்பியது பிழை என்று அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. நேரம் பார்த்த நாட்காட்டி மெல்பேர்னுக்குக் கணித்தது என்று கண்டுபிடித்தார்கள். அங்கே சூரியன் உதிப்பது வேறு நேரமாம். அன்றில் இருந்து விதிகள் இன்னும் இறுகின. இந்தத் தடவை கணக்குப் பார்த்தபோது, பதிவு திறக்க முன் ஒரேயொரு நல்ல நேரம்தான் இருந்தது. அதுவும் பதிவுக்கு முதல்நாள், வெள்ளி மாலை, வரிசை நிற்கும் நேரம். அந்த நேரத்தில் மென்பொருளை மாற்ற எனக்குத் துணிவில்லை. மற்ற நேரத்தில் மாற்ற அவர்களுக்குத் துணிவில்லை.

“அப்ப அனுபவமுள்ள ஆக்களிட்டக் கேப்பம்” என்றார் தலைவர் அங்கிள். எங்கள் சமூகத்தில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. கோயிலில் ஒரு தேங்காயை எறிந்தால் ஒரு மென்பொருள் நிபுணரின் காரில்தான் விழும்.

முதலாமவர் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் அங்கிள். ஒரு பெரிய நிறுவனத்தில் திட்டங்களை நடத்துபவர். கராஜில் வெள்ளைப் பலகை வைத்திருக்கிறார். என் பிழையைச் சொல்லி முடிக்க முதலே பெட்டிகள் கீறத் தொடங்கிவிட்டார். மாற்றம் கேட்பவர் ஒரு பெட்டி. பரிசீலிப்பவர் ஒரு பெட்டி. ஒப்புதல் தருபவர் இரண்டு பெட்டி.

“பிள்ளை, உங்கட பிரச்சினை கோட் இல்லை. உங்களிட்ட ப்ரொசெஸ் இல்லை.”

“அங்கிள், இந்தப் பெட்டியளை எல்லாம் தாண்டி வர எவ்வளவு காலம் எடுக்கும்?”

“ஒழுங்காச் செய்தா ஆறு கிழமை.”

“எங்களிட்ட மூண்டுதான் இருக்கு.”

“அப்ப அதையும் ஒரு ரிஸ்க் எண்டு எழுதுவம்” என்று இன்னொரு பெட்டி கீறினார்.

தேத்தண்ணியோடு வந்த அன்ரி பலகையைப் பார்த்தார். “உவர் எங்கட குசினியை மாத்தப் போறன் எண்டும் உப்பிடித்தான் பெட்டி பெட்டியாக் கீறினவர். பாருங்கோ, புது அடுப்பு எங்க நிக்குது எண்டு.” அடுப்பு எனக்குப் பின்னால், கராஜ் மூலையில், பிளாஸ்டிக் உறை கழற்றாமல் நின்றது. அங்கிள் அதன் மேல்தான் பேனை மூடிகளை வைத்திருந்தார்.

“சப்ளையர் டிலே” என்றார் எனக்கு.

“சப்ளையர் தந்திட்டுப் போய் நாலு வருசம்” என்றார் அன்ரி. “இருங்கோ பிள்ளை, புட்டு அவிச்சிருக்கு.”

இரண்டாமவர் கிரவீனில் இருக்கும் அக்கா. சென்னைக்காரர். குழுக்கள் எப்படிச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று பயிற்சி கொடுப்பதுதான் அவருடைய தொழில். அவர் பொறுமையாகக் கேட்டார். இட்லியும் தந்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

“உங்க கமிட்டி மீட்டிங் எவ்வளவு நேரம் நடக்கும்?”

“இரண்டு மணித்தியாலம். சில நேரம் அதுக்கும் மேல.”

“உட்கார்ந்துட்டா?”

“ஓம்.”

“அதாம்மா விஷயம். நிக்க வைங்க. நின்னுட்டே பேசினா பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுவாங்க, கால் வலிக்கும்ல. முடிவும் அங்கயே எடுத்துடுவாங்க. நானே ஒரு தடவை வர்றேன், காமிக்கிறேன்.”

சொன்னபடி வந்தார். கதிரைகளை எல்லாம் சுவரோரம் அடுக்கிவிட்டு, நிர்வாக சபையை வட்டமாக நிறுத்தினார். ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் பேச வேண்டும் என்றார். அவர் கணக்கில் எடுக்காதது ஒன்று இருந்தது. இவர்கள் திருவிழாக் காலத்தில் வெறுங்காலோடு, கையைக் கூப்பிக்கொண்டு, அசையாமல் மூன்று மணித்தியாலம் நிற்கும் மனிதர்கள். நிற்பது இவர்களுக்கு ஓய்வு. தலைவர் அங்கிள் முகவுரையில் கோயில் கட்டிய கதையைத் தொடங்கினார். பொருளாளர் நெஞ்சில் கை கட்டிக் கேட்டுக்கொண்டு நின்றார். செயலாளர் இடையில் ஒரு காலை மாற்றினார், அவ்வளவுதான். ஒரு மணித்தியாலம் தாண்டியபோது வட்டத்தை விட்டு விலகிப் போய்ச் சுவரோரக் கதிரையில் உட்கார்ந்த முதல் ஆள் அந்த அக்காதான்.

“இவங்களுக்கு ட்ரெயினிங் நான் குடுக்க முடியாதும்மா” என்று என் காதில் சொன்னார். “இவங்க எனக்குக் குடுப்பாங்க.”

கூட்டத்தில் எடுத்த முடிவு: இனிக் கூட்டங்களை நின்றே நடத்தலாம், நேரம் போவது தெரியவில்லை. திருத்தத்தைப் பற்றிப் பேச நேரம் கிடைக்கவில்லை. வாசலில் கவுண்டர் அண்ணா என் முகத்தைப் பார்த்தார். கவுண்டர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

மூன்றாமவர்தான் கடைசி நம்பிக்கை. கோயில் மென்பொருளை முதன்முதலில் எழுதிய அண்ணா அவர். அதன் பிறகு மெல்பேர்னுக்குப் போய், இப்போது ஒரு நிறுவனத்தில் பொறியியலாளர்களுக்கு எல்லாம் மேலே இருக்கிறார். மேடைகளில் ஏறி இதைப் பற்றிப் பேசுபவர். அலுவலக வேலையாக நான் மெல்பேர்ன் போயிருந்த வெள்ளிக்கிழமை, பின்னேரம் ரெயின் பிடித்து நோபல் பார்க்கில் இறங்கி அவர் வீட்டுக்குப் போனேன். பதிவு திறக்க ஒரு கிழமைதான் மிச்சம்.

மெல்பேர்ன் அண்ணா கதவைத் திறந்த நேரத்தில் இருந்து பேசினார். நான் ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டேன்.

“நல்ல நேரம் எண்டு ஒண்டும் இல்லைத் தங்கச்சி. டெஸ்ட் எல்லாம் பாஸ் எண்டா அதுதான் நல்ல நேரம். நாங்கள் ஒரு நாளைக்கு எத்தினை தரம் அனுப்புறம் தெரியுமே? சின்னச் சின்னதா. பிழைச்சா உடன தெரியும், உடன எடுத்திடலாம். நீங்கள் ஒரு மாசத்து மாற்றத்தை மூட்டையாக் கட்டி ஒரு நல்ல நேரத்தில கொட்டினா, அது அசுவினியிலதான் போய் நிக்கும்.”

“இதைத்தான் அண்ணா நானும் சொல்லுறன். கேக்கினமில்லை.”

“இந்தக் காலத்திலயும் ராகுகாலம் பாத்துக் கோட் அனுப்புறாக்களோட என்னத்தைக் கதைக்கிறது? அறிவைப் பாவிக்க வேணும்.”

நான் கேட்டேன்: “நீங்கள் எழுதின அந்த இடத்தை ஒருக்கா உங்கட லப்டொப்பில பாப்பமா? ஏன் அப்பிடி விட்டனீங்கள் எண்டு தெரிஞ்சா என்ர திருத்தம் வேற எதிலயும் முட்டாது.”

அண்ணா பேச்சை நிறுத்தினார். குசினிப் பக்கம் பார்த்தார். அங்கே நின்ற அக்கா, அவருடைய மனைவி, கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

“லப்டொப் பையுக்குள்ள. பை வெளிக்கிட்டிட்டுது.”

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. அண்ணா அடுத்த நாள் காலை பத்து மணிக்கு விமான நிலையத்துக்குப் புறப்பட வேண்டும். சனிக்கிழமை பத்து மணி என்றால் ராகுகாலம். விமானத்தை மாற்ற முடியாது. ஆகவே, எங்கள் ஆட்கள் வழக்கமாகச் செய்வதுபோல, முதல்நாள் மாலை நல்ல நேரத்திலேயே அவருடைய பயணப்பை வீட்டை விட்டுப் புறப்பட்டு, பக்கத்து வீட்டில் போய் இருந்தது. புறப்பட்ட பை திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது. வந்தால் எல்லாம் முதலில் இருந்து.

அண்ணா என் பக்கம் திரும்பவில்லை. “இது எனக்கில்லை, தங்கச்சி. இவவின்ர மன ஆறுதலுக்கு.”

“அப்பிடியோ?” என்றார் அக்கா. “போன முறை வேண்டாம், அறிவைப் பாவிக்க வேணும் எண்டு பை வைக்காமப் போய், சிங்கப்பூர் ஹோட்டலில காய்ச்சலோட கிடந்து எனக்கு மணித்தியாலத்துக்கு ஒருக்கா கோல் எடுத்தது ஆர்? இந்த முறை பையை ஆர் தூக்கிக்கொண்டு போனது எண்டும் கேளுங்கோ.”

நான் கேட்கவில்லை. அண்ணாவின் காது சிவந்திருந்தது.

லப்டொப் வர முடியாது என்பதால் நாங்கள் லப்டொப்பிடம் போனோம். பக்கத்து வீட்டில் வயதான கம்போடியப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். அவருக்கு இது பழகிவிட்டது. பைக்கென்று கார் நிறுத்துமிடத்தில் ஒரு மூலையே ஒதுக்கி வைத்திருந்தார். அண்ணா பையைத் திறந்து, மடித்த சட்டைகளுக்கு நடுவில் இருந்து லப்டொப்பை எடுத்து, ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து மடியில் வைத்துத் திறந்தார். அந்த அம்மா தோடம்பழம் வெட்டிக் கொண்டுவந்து வைத்தார். வேலிக்கு மறுபக்கம் அக்கா கை கட்டிக் காவல் நின்றார்.

“பற்றரி முடியுது. சார்ஜர் போட வேணும்” என்றார் அண்ணா.

“சார்ஜரும் வெளிக்கிட்டதுதான். அங்கயே செருகுங்கோ. இஞ்சால கொண்டு வராதேங்கோ.”

பொறியியலாளர்களுக்கு எல்லாம் மேலே இருக்கும் மனிதர் பக்கத்து வீட்டுச் சலவை இயந்திரத்தின் வயரைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதைச் செருகினார். நான் தோடம்பழம் சாப்பிட்டேன்.

நான் பார்க்க வந்த இடத்தைப் பார்த்தோம். என் திருத்தம் வேறு எதிலும் முட்டவில்லை. மூடும்போது, சும்மா கேட்கும் குரலில், வேலிக்கு மேலால் கேட்டேன்:

“அக்கா, நாளைக்கு அண்ணா ராகுகாலத்தில வெளிக்கிடுறது பரவாயில்லையா?”

“பரவாயில்லை. பயணம் துவங்கிட்டுது தானே. இனி ஆள் பின்னால போறதுக்கு நேரம் பாக்கத் தேவையில்லை.”

“ஏதும் தடை வந்து போகாட்டி?”

“பயணமே இல்லையெண்டா, பையை எடுத்திட்டு வாறது. ஒரு குற்றமும் இல்லை.”

அண்ணாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவருடைய நிறுவனத்தில் தினமும் செய்வது இதுதான். புது நிரலை முதலில் அணைத்த நிலையிலேயே சேர்வருக்கு அனுப்பி வைப்பார்கள். அது அங்கே போய்ச் சும்மா இருக்கும், எவர் கண்ணிலும் படாது. பிறகு வசதியான ஒரு நேரத்தில் ஒரு சுவிட்சைத் தட்டினால் வேலை செய்யும். பிழைத்தால் திரும்பத் தட்டினால் போதும். இதை அவர் எத்தனையோ மேடைகளில் படம் போட்டு விளக்கியிருக்கிறார்.

“ஓம் என்ன” என்றார் மெதுவாக. பிறகு, “இதை நான் சொன்னதாச் சொல்லாதேங்கோ” என்றார். பையையா, சுவிட்சையா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நிர்வாக சபைக் கூட்டம் நின்றபடி நடந்தது. நான் பெட்டியும் கீறவில்லை, படமும் போடவில்லை.

“அங்கிள், வெள்ளி மாலை நல்ல நேரத்தில பையைக் கொண்டுபோய் வைப்பம். சனி காலை ஆள் போகட்டும்.”

தலைவர் அங்கிள் என்னைப் பார்த்தார். “பை எது?”

“திருத்தம். பூட்டித்தான் அனுப்புவன். வரிசையில நிக்கிற ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. நட்சத்திரம் ஒண்டிலயும் கை வைக்காது.”

“ஆள் எது?”

“பூட்டைத் திறக்கிறது. சனி காலை பத்து மணிக்கு, கவுண்டரில சனம் இல்லாத நேரம்.”

“ராகுகாலம்” என்றார் பொருளாளர்.

“பயணம் துவங்கிட்டுது தானே” என்றேன்.

ஐயருக்குப் போன் எடுத்தார்கள். அவர் ஒரு வீட்டுப் பூசைக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டபோது, “வெளிக்கிட்டது வெளிக்கிட்டதுதான். என்ர பையளும் இப்பிடித்தான் போறது” என்றார். தலைவர் அங்கிள் திரும்பி, சற்று மனத்தாங்கலோடு என்னைக் கேட்டார்: “இதை முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை? ஏன் கண்ட கண்ட ஆக்களிட்டயும் போனனீங்கள்?”

வெள்ளி மாலை, வரிசை செருப்புத் தட்டைத் தாண்டி நின்றபோது, மண்டபப் படியில் இருந்து திருத்தத்தை அனுப்பினேன். ஒருவர் நட்சத்திரமும் மாறவில்லை. சனி காலை கவுண்டர் அண்ணாவுக்குப் பக்கத்தில் நின்று பூட்டைத் திறந்தேன். தலைவர் அங்கிளும் வந்திருந்தார். ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “நான் பாக்கேல்லை. நீங்கள் செய்யுங்கோ” என்றார்.

நண்பகலில் பதிவு திறந்தது. கவுண்டரில் முதலில் நின்ற அன்ரி தன் மகனின் கலியாணத்துக்கு ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார். அண்ணா அந்த நாளைத் தொட்டார். திரை சிவந்தது. எங்கோ ஒருவர் போனில் ஒரு கணம் முந்தியிருந்தார். மென்பொருள் அதைச் சொல்லியது.

“அந்த நாள் இப்பத்தான் போயிட்டுது அன்ரி.”

“எப்பிடிப் போகும்? நான் உமக்கு முன்னால நிக்கிறன்.”

“போனில எடுத்திட்டினம்.”

“போன முறை ஒரே நாளை ரெண்டு பேருக்குக் குடுத்தனீர். எனக்கு மட்டும் குடுக்க ஏலாதோ?”

அவர் நெடுநேரம் ஏசினார். அண்ணா “ஓம்”, “ஓம்” என்று கேட்டார். அன்ரி அடுத்த ஞாயிற்றை எடுத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போன பிறகு, அண்ணா கதிரையை முன்னால் இழுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

“குடுத்ததுக்கும் பேச்சு, குடுக்காததுக்கும் பேச்சு” என்றார் என்னிடம். “இந்தப் பேச்சு பரவாயில்லைத் தங்கச்சி.”

இப்போதைய நிலை இது. கவுண்டர் அண்ணா கவுண்டரில்தான் இருக்கிறார். வேறு ஆளைப் போடும் பேச்சை நிர்வாக சபை எடுக்கவில்லை. அவருடைய விசா இன்னும் தற்காலிகம்தான். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு மண்டபம் ஒரே நாளில் இருவருக்குப் போகவில்லை. திருத்தங்கள் நல்ல நேரத்தில் பூட்டி அனுப்பப்படுகின்றன, ஒவ்வொன்றாக. எனக்கு வசதியான நேரத்தில் திறக்கிறேன். நிர்வாக சபைக் கூட்டங்கள் நின்றபடி நடக்கின்றன. முன்னரைவிட நீளம்.